பக்கத்துச் செல்

திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. கருவுக்குள் வளரும் உறுப்புகள் தத்தம் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று அங்கே மீன் முட்டைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஆசிரியையின் பெயர் நப்பின்னை. அவரிடம் ஆய்வு செய்ய வந்தவர்களில் மாசிலாமணி ஒருவர்தான் அவரைவிட வயதில் மூத்தவர்.

மாசிலாமணி கால்நடை மருத்துவர். நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் பிரசவம் பார்த்தவர். தலை மடங்கிக்கொண்ட கன்று, பின்கால் முதலில் வந்த கன்று என்று எத்தனையோ உயிர்களைத் தன் கையால் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு கட்டத்தில், இந்த உடம்பு உள்ளே எப்படித்தான் உருவாகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. படிப்பு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி பூங்கோதையோடு திருச்சிக்கு வந்துவிட்டார். மீசை நரைத்த மாணவர். ஆசிரியையை அவர் 'மேடம்' என்பார். ஆசிரியை அவரை 'டாக்டர்' என்பார்.

அவர் நிறையக் கேட்பார். நப்பின்னை பதில் சொல்வதில் சிக்கனமானவர். கேள்வி வந்தால் ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை மாசிலாமணி ஒன்றும் கேட்காமல் வந்து தன் மேசையில் உட்கார்ந்தார்.

அன்று அவருக்கு முக்கியமான நாள். முந்தின நாள் காலையில் மீன்கள் இட்ட முட்டைகளில் இதயம் துடிக்கத் தொடங்கும் நேரம். அந்த மீன் விரல்நுனி அளவுதான் இருக்கும். அதன் கரு கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும்.

மீன் கருவின் வால் முனையில், கொஞ்ச நேரத்துக்கு மட்டும், ஒரு சின்ன நீர்க்குமிழ் தோன்றி மறையும். குமிழின் உட்சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு மெல்லிய இழையை நீட்டும். இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சுழலும். அந்தச் சுழற்சியில் குமிழுக்குள் இருக்கும் நீர் இடப்பக்கம் ஓடும். நீர் ஓடும் பக்கத்தைக் கொண்டுதான் கரு தன் இடது எது, வலது எது என்று அறிகிறது. இதயம் இடப்பக்கம் ஒதுங்குகிறது. மனிதக் கருவிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆனால் இழை சாய்வதற்கு முன்னால், எந்தப் பக்கம் சாய்வது என்று செல்லுக்குத் தெரிய வேண்டும். செல்லுக்குக் கண் இல்லை. தலை எங்கே, வால் எங்கே என்று எட்டிப் பார்க்க வழியில்லை. அதன் ஒரு விளிம்பில் ஒரு புரதம் சேர்கிறது. எதிர் விளிம்பில் இன்னொரு புரதம் சேர்கிறது. இந்தச் செல்லின் புரதம் எல்லை தாண்டிப் பக்கத்துச் செல்லின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அது அதற்கடுத்ததைப் பற்றுகிறது. இப்படித்தான் செல்கள் திசை அறிகின்றன.

அந்தப் பிடிமானத்துக்கு வேண்டிய புரதங்களில் ஒன்றை மாசிலாமணி இந்த முட்டைகளில் முடக்கி வைத்திருந்தார். இழைகள் சாயாமல் நட்டுக்குத்தலாய் நின்றன. நீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. இனி இதயங்கள் என்ன செய்யும் என்பதுதான் அன்றைக்குப் பார்க்க வேண்டியது.

அவர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். முதல் கருவின் இதயம் இடப்பக்கம் ஒதுங்கித் துடித்தது. அடுத்தது வலப்பக்கம். அதற்கடுத்தது மறுபடி இடது. பிறகு ஒன்றில் இதயம் எந்தப் பக்கமும் போகாமல் நடுவிலேயே நின்று துடித்துக்கொண்டிருந்தது.

அவர் பாத்திரத்தை வெளியே எடுத்தார். கண்ணாடிப் பாத்திரம் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. ஒரு முழு நாள் வேலை தண்ணீரோடு தண்ணீராய் மேசைக்கு அடியில் ஓடியது.

மற்ற மாணவர்கள் எழுந்து வந்தார்கள். நப்பின்னை அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தானே துணி எடுத்துத் தரையைத் துடைத்தார். மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம், வலது பக்கம் போன இதயம் தப்பான இதயம்தானுங்களே?"

நப்பின்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரோட இதயத்தைப் பத்திக் கேட்கறீங்க, டாக்டர்?"

மாசிலாமணி ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பூங்கோதை உண்டாகியிருந்தாள். போன வாரம் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். எடுத்து முடித்து அவள் பாத்ரூம் போயிருந்தபோது ஸ்கேன் டாக்டர் ரெஜினா அவரை உள்ளே கூப்பிட்டுத் திரையில் பதிவைக் காட்டினார். குழந்தையின் இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்றார். குழந்தை குப்புறக் கிடப்பதால் மற்ற உறுப்புகள் சரியாகத் தெரியவில்லை, வரும் வெள்ளிக்கிழமை விரிவாகப் பார்க்க வேண்டும் என்றார். நீங்களும் டாக்டர்தானே, அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

நாமக்கல்லில் இருக்கும் அக்கா மரகதத்திடம் மட்டும் மாசிலாமணி போனில் சொன்னார். அக்கா அழுதாள். அழுது முடித்துவிட்டு, இதயமே இடம் மாறிப் போயிருந்தால் வேறென்ன உருப்படியாக இருக்கும் என்றாள். நாள் கடந்தால் சட்டம் விடாது, இந்த வயதில் பூங்கோதையின் உடம்பும் தாங்காது, கலைப்பதானால் உடனே கலைத்துவிட வேண்டும் என்றாள். தெரிந்த ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக்கு ஒரு படுக்கை சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வைங்கன்னு சொல்லிட்டேன்."

நப்பின்னை துணியைப் பிழிந்து ஓரமாகப் போட்டார்.

"ஸ்டெதஸ்கோப் இருக்கா?" என்று கேட்டார் நப்பின்னை.

மாட்டு டாக்டர் பையில் அது எப்போதும் இருக்கும். மாசிலாமணி எடுத்துக் கொடுத்தார். நப்பின்னை காதில் வைக்கும் முனைகளை அவர் பக்கம் நீட்டினார். அவர் மாட்டிக்கொண்டதும், மறுமுனையைத் தானே பிடித்துச் சேலைக்கு மேலாகத் தன் நெஞ்சின் இடப்பக்கம் வைத்தார்.

மாசிலாமணிக்கு மூச்சு போய் வரும் ஓசை கேட்டது. அதற்கு அப்பால், அடுத்த வீட்டில் யாரோ உலக்கை போடுவது போல, ஏதோ தூரத்தில் அதிர்ந்தது. அவ்வளவுதான்.

நப்பின்னை அதை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார்.

இப்போது ஓசை காதுக்குள் வந்து இடித்தது. லப் டப், லப் டப் என்று, எருமையின் நெஞ்சில் கேட்பது போல அத்தனை தெளிவாக. மாசிலாமணி காதிலிருந்து அதைக் கழற்றவே மறந்து நின்றார்.

"பிறந்ததிலிருந்தே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கப் வாங்கியிருக்கேன்" என்றார் நப்பின்னை.

மாசிலாமணியின் கண் நிறைந்துவிட்டது. பையை எடுத்து, திறந்து, மறுபடி மேசையில் வைத்தார். உடனே அக்காவுக்குப் போன் செய்கிறேன், படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். இத்தனை நாள் வீணாகப் பயந்தேனே என்றார். போனை எடுத்து எண்ணைத் தேடவும் தொடங்கினார்.

"இருங்க" என்றார் நப்பின்னை.

குளிர்பெட்டிக்கு அருகிலிருந்து வேறொரு பாத்திரத்தை எடுத்து வந்தார். அதுவும் அதே சோதனைதான். இன்னும் சில நாள் வளர்ந்த கருக்கள். ஒன்றை நடுவில் கொண்டுவந்து, பார்க்கச் சொன்னார்.

மாசிலாமணி பார்த்தார். இதயம் வலப்பக்கம் இருந்தது. கல்லீரலும் குடலும் பக்கம் மாறியிருந்தன. மீன் துடிப்பாக வாலை ஆட்டியது.

அடுத்ததை நகர்த்தி வைத்தார் நப்பின்னை. இதில் இதயம் மட்டும் வலப்பக்கம் போயிருந்தது. மற்றவை பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டன. ரத்தம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சைச் சுற்றி நீர் கோத்து உப்பியிருந்தது. கரு அசையவில்லை. இதயம் மட்டும் துடித்தது.

"எனக்கு எல்லாமே சேர்ந்து திரும்பியிருக்கு. கல்லீரல், இரைப்பை, எல்லாம்."

மாசிலாமணி கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எங்க குழந்தைக்கு?"

"தெரியாது. வெள்ளிக்கிழமை பார்த்தாத்தான் தெரியும்."

சற்று முன் வந்த சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போனது. அதற்கு முன்பிருந்த பயத்தைவிட இது மோசமாக இருந்தது. நப்பின்னை தன் நெஞ்சைக் காட்டாமலே இருந்திருக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை வரை எப்படி இருப்பேன் என்று கேட்டார். நப்பின்னை பாத்திரத்தை மூடினார்.

"பூங்கோதைக்குத் தெரியுமா?"

"குழந்தை குப்புறக் கிடக்குது, திரும்ப ஒருக்கா படம் எடுக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேனுங்க. வேற சொல்லலை. அவ தாங்க மாட்டா."

நப்பின்னை பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினார். அலமாரியைத் திறந்து, மாணவர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளில் ஒன்றை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

அது பழ ஈயின் சிறகு. சிறகில் ஒரு செல்லுக்கு ஒரு மயிர். அத்தனை மயிரும் சிறகின் நுனியைப் பார்த்து, காற்றில் படிந்த நாற்றுப் போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு திட்டு மட்டும் கலைந்து கிடந்தது. மாசிலாமணி இதை முதல் வருடத்திலேயே பார்த்திருக்கிறார்.

"நடுவுல இருக்கற திட்டு என்ன?"

"அந்தச் செல்கள்ல புரதம் இல்லைங்க. எடுத்துட்டாங்க. அதனால தாறுமாறா நிக்குது."

"திட்டுக்கு வெளியே, ஓரத்துல இருக்கறதைப் பாருங்க."

ஓரத்தில், நுனிப் பக்கமிருந்த செல்களின் மயிர்கள் சிறகின் நுனியைப் பார்க்காமல், நேர் எதிராகத் திரும்பி, அந்தத் திட்டை நோக்கிச் சாய்ந்திருந்தன.

"அந்தச் செல்கள்ல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லைங்க. அதுல புரதமெல்லாம் முழுசா இருக்கு."

"அப்புறம் ஏன் திரும்பிச்சு?"

"பக்கத்துச் செல்கிட்ட இருந்து..."

அவர் நிறுத்தினார்.

மறுபடி அந்த ஓரத்தைப் பார்த்தார்.

"பக்கத்துச் செல்கிட்ட இருந்து சேதி எதுவும் வரலை" என்றார் மாசிலாமணி. "வராததையே ஒரு சேதியா எடுத்துக்கிச்சு."

அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். நப்பின்னை ஸ்லைடைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறியிருந்தது. மாசிலாமணி பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே போனார். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாக்கியம் தயார் செய்தார். அடுத்த நிறுத்தத்தில் அது உதவாது என்று தோன்றியது. பசு மாட்டுக்காரர்களிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறார். கன்று போய்விட்டது, தாயைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னவர்தான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. பூங்கோதை கட்டிலில் துணிப்பையை வைத்துச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். அந்த நேரத்தில் வேலையில் இருக்க வேண்டியவள். லீவு போட்டிருந்தாள்.

துறையூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டார். அவள் ஒரு சேலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏன் இப்படித் திடீர்னு?"

"அண்ணிகிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அவங்க கூட வருவாங்க. நீங்க வர வேண்டாம்."

"என்ன சொன்னே அண்ணிகிட்ட?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுத முகம் அல்ல, அழுது முடித்த முகம்.

"குழந்தை உள்ளேயே போயிருச்சுன்னு."

மாசிலாமணிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் சொன்னாள். அன்று ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தாளாம். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவர் வெளியே பார்த்தபடியே வந்தார். அன்று முதல் அவர் அவள் வயிற்றில் கை வைக்கவில்லை. பெயரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போனார். அக்காவோடு பேச மொட்டைமாடிக்குப் போனார். அவளுக்கு இது முதல் தடவை. வயிற்றுக்குள் எப்போதாவது ஏதோ புரளும். அது குழந்தையா வாயுவா என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. குழந்தை என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். இவர் இத்தனை நாள் வாயைத் திறக்காததைப் பார்த்து, வாயுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டாள்.

"செத்த குழந்தையை வயித்துல வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு உங்களுக்குச் சமைச்சுப் போடறது?" என்றாள். குரல் உயரவே இல்லை.

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

"உயிரோட இருக்கு, கோதை. நல்லாத் துடிக்குது. ஆனா இதயம் வலது பக்கம் இருக்கு."

அவள் மடித்துக்கொண்டிருந்த சேலை கையிலேயே நின்றது.

"துடிக்குதா?"

"துடிக்குது. அன்னைக்கு ஸ்கேன் திரையில நானே கண்ணால பார்த்தேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது. மாசிலாமணி பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையை வேகமாகத் தட்டிவிட்டாள். அவர் எழுந்து போகவில்லை. அங்கேயே இருந்தார்.

அழுகை அடங்கியதும் முழுதும் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். எல்லா உறுப்பும் சேர்ந்து திரும்பியிருந்தால் ஊரில் எல்லோரையும் போல வாழலாம் என்றார். அரைகுறையாகத் திரும்பியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். எதையும் மென்று விழுங்கவில்லை. கடைசியில் சனிக்கிழமை படுக்கை சொல்லி வைத்திருப்பதையும் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"என் வயித்துக்கு நீங்களும் உங்க அக்காவும் நாள் குறிச்சிருக்கீங்க" என்றாள்.

அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை என்ன தெரியும்? அரைகுறையா இருக்குமா?"

"தெரியலை, கோதை."

"இப்படிச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு. சும்மா இருந்துராதீங்க."

அவள் முன்னிலையிலேயே அவர் அக்காவுக்குப் போன் செய்தார். படுக்கை வேண்டாம் என்றார். அக்கா பதறினாள். நாளைக்கு ஊனமாய் ஒன்று பிறந்தால் யார் பார்ப்பது என்று கேட்டாள். பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது, இனி எதுவானாலும் அவளும் தானும் சேர்ந்துதான் முடிவு செய்வோம் என்றார் மாசிலாமணி. அக்கா கோபத்தில் போனை வைத்துவிட்டாள். துணிப்பை அன்று முழுவதும் கட்டிலிலேயே கிடந்தது. ஆனால் துறையூர் பஸ்ஸுக்கு யாரும் புறப்படவில்லை.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் பேச்சு நின்றதில்லை. பெரும்பாலும் சண்டைதான். அரைகுறையாக இருந்தால் என்ன செய்வது என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஆபரேஷன் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று அவள் கேட்டாள். எத்தனை ஆபரேஷன், எந்த வயதில், பிழைக்குமா என்று அவர் கேட்டார். ஒரு தரம் அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். இன்னொரு தரம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினார். ஆனால் தூங்கப் போகும்போது அவள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். அசைகிறதா, வாயுவா, நீங்கள் மாட்டு டாக்டர்தானே, சொல்லுங்கள் என்பாள். புதன்கிழமை அவர் கைக்கு அது தெரிந்தது. வாயு இல்லை என்றார்.

வெள்ளிக்கிழமை ரெஜினாவின் அறையில் விளக்கை அணைத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ நெளிந்தது. குழந்தை அன்றும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ரெஜினா இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு ஏதாவது இனிப்பாகக் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

தாழ்வாரத்தில் பூங்கோதை மேலும் கீழும் நடந்தாள். மாசிலாமணி ஜூஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். காத்திருந்த மற்றப் பெண்கள் அவர்களைப் பார்த்தார்கள். கால் வலிக்கிறது என்றாள். உட்கார் என்றார். வேண்டாம் என்றாள்.

மறுபடி உள்ளே போனபோது குழந்தை புரண்டிருந்தது.

பூங்கோதை ரெஜினாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள், அப்போதைக்கப்போது சொல்லுங்கள். ரெஜினா மாசிலாமணியை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது இதயம். வலப்பக்கம்தான் இருக்கு."

பூங்கோதை மாசிலாமணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கறுப்பு இருக்கே, இது இரைப்பை." ரெஜினா நிறுத்தி, கருவியை நகர்த்தி, திரும்பவும் அதே இடத்துக்கு வந்தார். "இதுவும் வலப்பக்கம்."

மாசிலாமணி திரையை நோக்கிக் குனிந்தார். அது நல்ல செய்தியின் பாதிதான் என்பது அவருக்குத் தெரியும். பூங்கோதை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லதா?" என்றாள்.

"நல்லது. இன்னும் இருக்கு. கல்லீரலைப் பார்க்கணும்."

கல்லீரலைத் தேட வெகுநேரம் ஆயிற்று. ஆனதுபோல் இருந்தது. ரெஜினா திரையில் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். பூங்கோதையின் நகம் மாசிலாமணியின் கையில் பதிந்திருந்தது.

"இடப்பக்கம்" என்றார் ரெஜினா. "மண்ணீரல் ஒண்ணு இருக்கு, வலப்பக்கம். எல்லாமே சேர்ந்து மாறியிருக்கு, அம்மா. கண்ணாடியில பார்க்கற மாதிரி."

அதோடு முடியவில்லை. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவில் சின்னதாய் ஓர் ஓட்டை தெரிந்தது. தானாக மூடினாலும் மூடும், பிறந்தபின் தைக்க வேண்டி வந்தாலும் வரும் என்றார் ரெஜினா. மூச்சுக்குழாயையும் கவனித்துக்கொள்ள வேண்டும், இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்குச் சளித்தொல்லை விடாமல் இருக்கும் என்றார். பூங்கோதை ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

"மத்தப் பிள்ளைங்க மாதிரி ஓடுமா, டாக்டர்?"

"இன்னைக்குப் பார்த்த வரைக்கும், ஓடும்."

வெளியே வந்ததும் மாசிலாமணி மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். பூங்கோதை பக்கத்தில் நின்று, மீதியிருந்த ஜூஸை அவர் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நப்பின்னை மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். மாசிலாமணி எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டே நப்பின்னை அடுத்தடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். ஓட்டையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நின்றார். எவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொண்டார்.

உடைந்த பாத்திரத்தின் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும். மாசிலாமணி மேசைக்குப் போனார். போனவர் திரும்பி வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க."

"எல்லாம் சேர்ந்து திரும்பியிருந்தது எங்க நல்ல காலம். அப்படி இல்லாமப் போயிருந்தா? இதயம் மட்டும் மாறியிருந்து, இன்னைக்கு நான் அந்தச் சேதியோட உங்க முன்னால வந்து நின்னிருந்தா, எனக்கு என்ன சொல்லியிருப்பீங்க?"

நப்பின்னை தீனி டப்பாவை மூடினார்.

"பூங்கோதையை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்கன்னு கேட்டிருப்பேன்."